ஒன்றும் இல்லை என்பவரிடம் கேட்பது

முதியோர் மனநலப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் கேள்விகளைக் கடகடவென்று கேட்டுவிடுவேன். "மறதி இருக்கா சார்?" என்றால், "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்பார் பெரியவர். "நேத்து தெருமுனையில வழி தெரியாம நின்னீங்களேப்பா" என்று மகள் குறுக்கிடுவார். நானும் மகள் பக்கம் சேர்ந்துகொண்டு பெரியவரை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்ப்பேன். அவர் வாயை மூடிக்கொள்வார். அதன்பின் எந்தச் சோதனையும் நடக்காது. இப்படியே பல காலைகள் போயின.

"குறுக்கு விசாரணை பண்ணாதே. அவர் மறைக்கலை, மறந்ததே அவருக்குத் தெரியலை" என்றார் எனக்குப் பயிற்சி அளித்த மேடம். பக்கவாதத்தில் கை விழுந்ததையே உணராத நோயாளிகளைப் பற்றி எழுதும்போது 1914-இல் பாபின்ஸ்கி இட்ட பெயர் அனோசக்னோசியா. அல்சைமர் நோயிலும் இது உண்டு. தன் தவறைக் கண்டு மனத்தில் பதித்துக்கொள்ளும் திறனும் நோயில் சேதமாவதால், பழைய திறமைசாலியாகவே அவர் தன்னை அறிந்திருக்கிறார்.

மகளைத் தனியே கேட்கச் சொன்னார் மேடம். பெரியவரிடம் ஞாபகச் சோதனைக்கான சொற்பட்டியலை வாசிக்கும் முன், "எத்தனை ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்க வேண்டும், முடிந்ததும் எத்தனை சொன்னார் என்று அவரையே கேட்க வேண்டும். கணிப்புக்கும் விடைக்கும் உள்ள தூரம்தான் அளவு. அவசரப்பட்டு நானே விடையைச் சொல்லி அந்த அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தேன்.

எல்லோரும் தம் நோயை அறியாதவர்கள் அல்லர். 1901-இல் பிராங்பேர்ட் மருத்துவமனையில் அலாய்ஸ் அல்சைமர் பரிசோதித்த அகுஸ்டே டேட்டர், தன் பெயரை எழுத முடியாமல் திணறியபோது, தன்னையே தொலைத்துவிட்டதாகச் சொன்னார். அவர் வாய்ச்சொல்லை அல்சைமர் அப்படியே எழுதிவைத்தார். அதைப் படிக்கவைத்த பிறகுதான் என் குறிப்பேட்டை மேடம் திருத்தத் தொடங்கினார். 'மறுக்கிறார்' என்று நான் எழுதிய இடமெல்லாம் அடித்து, "என்ன சொன்னார், கை என்ன செய்தது, அதை எழுது" என்றார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கடிகாரம் வரைந்தார். எண்கள் வலப்பக்கமே நெருக்கியடித்தன. "சரியா இருக்கு" என்றார். ஆனால் பென்சிலை வைத்துவிட்டு உள்ளங்கையால் தாளை மூடிக்கொண்டார். வாய் அறியாததை உடம்பு எங்கோ அறிந்திருந்தது. தாளை இழுக்காமல், அவர் நடத்திய கணக்கு வகுப்பைப் பற்றிக் கேட்டேன். கை தானாக விலகியது. அன்றைய குறிப்பில் மேடம் எதையும் அடிக்கவில்லை.

நோயை உணர்ந்தவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அவர்களிடம் தூக்கத்தையும் பசியையும் முதலில் விசாரிக்கிறேன். உணராதவர்களின் வீட்டாரிடம் இப்போது நான்தான் பேசுகிறேன்: "வாதாடி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டாம். ராத்திரி கேஸ் ரெகுலேட்டரை மட்டும் நீங்களே மூடிடுங்க."