உடைந்த தாழி

பொருநை ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில், ஊருக்கு வெளியே செம்மண் மேடு அரித்து, பெரிய பானை ஒன்றின் வாய் வெளியே தெரிந்தது. உள்ளே புதையல் இருக்கும் என்று எண்ணி, நானும் என் தோழர் இருவரும் அதைக் கல்லால் உடைத்தோம். மண்ணும், எலும்புத் துண்டுகளும், கறுப்பும் சிவப்புமான சிறு கிண்ணம் ஒன்றும் இருந்தன. கிண்ணமும் எங்கள் கைபட்டு நொறுங்கியது. அதன் ஓடுகளைச் சில்லு விளையாட எடுத்துக்கொண்டோம்.

அன்றிரவு சோறு பரிமாறிய ஆச்சி என்னை அடிக்கவில்லை. "அது முதுமக்கள் தாழியப்பா. நம் வீட்டுக் கதவை ஒருவர் உடைத்தால் நமக்கு எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பண்டைத் தமிழர் இறந்தோரைப் பெரிய மட்பானையில் இட்டுப் புதைத்தனர். அப்பானையே தாழி. கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடம் இருக்குமாறு தாழியை அகலமாகச் செய்யும்படி குயவரிடம் வேண்டுவதாகப் புறநானூற்றின் 256-ஆம் பாடல் அமைந்துள்ளது. கல்லூரியில் அப்பாடலைப் படித்த நாளில், நான் உடைத்த தாழி யாருக்காக வனையப்பட்டதோ என்று எண்ணிக் கலங்கினேன்.

எங்கள் பொருநைக் கரையில்தான் ஆதிச்சநல்லூர் உள்ளது. அங்கே 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழாய்வு செய்தார். தாழிகளுடன் இரும்புக் கருவிகளும், வெண்கலப் பொருள்களும், பொன்னாலான நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. ஒரு பொருள் எந்த மண்ணடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பதைக் கொண்டே அதன் காலத்தையும் அக்கால மக்களின் வழக்கங்களையும் ஆய்வாளர் அறிகின்றனர். இடம் மாறிய பொருள் அழகாக இருக்கலாம். ஆனால் அது சொல்லும் செய்தி குறைந்துவிடும். சிறுவயதில் நாங்கள் உடைத்தது பானையை மட்டுமன்று. இனி எவரும் படிக்க இயலாத ஓர் ஏட்டையும் கிழித்துவிட்டோம்.

கொச்சிக்கு மாற்றலாகி வந்தபின், வகுப்பில் இதைக் கூறினேன். மட்டாஞ்சேரி மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அவையெல்லாம் நம் ஊரில் இருப்பவை. இங்கே நமக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு விடை தேடி, அடுத்த விடுமுறையில் வடக்கே திருச்சூர் மாவட்டத்துச் சேரமனங்காட்டுக்குச் சென்றேன்.

அங்குள்ள இடத்தின் பெயர் குடக்கல்லுப் பறம்பு. நாம் குடை என்பதை மலையாளத்தார் குட என்பர். உள்நோக்கிச் சாய்த்து நிறுத்திய நான்கு கற்களின்மேல், விரித்த குடைபோல ஒரு வட்டக்கல். தரையிலேயே கவிழ்த்து வைத்த தொப்பிக்கற்களும் கல்வட்டங்களும் அருகே உள்ளன. எல்லாம் பழங்கால மக்களின் ஈமச் சின்னங்கள். அதே மாவட்டத்துப் போர்க்களம் என்னும் ஊரில், 1948-இல் பி. கே. தாபர் கல்வட்டம் ஒன்றை அகழ்ந்தபோது, உள்ளே தாழி இருந்தது. சேர மன்னரைப் பாடும் பதிற்றுப்பத்திலும் தாழி பற்றிய குறிப்பு உண்டு. அம்மாணவியிடம், "இங்கும் தாழி இருக்கிறது அம்மா. நாம் அயலூருக்கு வந்துவிடவில்லை" என்றேன்.

குடைக்கற்கள் செம்புரைக்கல்லால் ஆனவை. இன்று கேரளத்தில் வீடு கட்ட வெட்டி எடுப்பதும் அதே கல்தான். கல் வெட்டும்போதும், தோட்டத்துக்காக நிலத்தைத் திருத்தும்போதும் இத்தகைய சின்னங்கள் அழிய நேர்கிறது. குடக்கல்லுப் பறம்பு, நம் மட்டாஞ்சேரி அரண்மனையைப் போலவே, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும், இவ்வாறு பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்புவதைத் தடுக்கின்றன. ஆனால் அறிவிப்புப் பலகை இல்லாத மேடுகளும் பல உள்ளன. அவற்றுக்குக் காவல், அருகில் வாழ்பவரின் கண்களே.

மாணவர்களே, மண்ணில் பழம்பானையோ வட்டமாக அடுக்கிய கற்களோ தென்பட்டால் தோண்டாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியரிடமோ கிராம அலுவலரிடமோ சொல்லுங்கள். பத்து வயதில் நான் செய்யத் தவறியது அதுவே.