விளையாட்டிற்கும் உரைகாரர்

கருவி அழிந்தால் அதனிடத்து வாழ்ந்த கலையும் உடனழிதல் வேண்டுமோ? ஏட்டுச்சுவடிகளைப் பற்றி வகுப்பறையிற் பயிலும் எமக்கு இவ்வினா புதிதன்று. ஆயினும் அதன் முழுப்பொருளை யான் உணர்ந்தது ஒரு கணினி விளையாட்டினாலேயாம். "தமிழ் பயில்வார்க்குச் சுடுவிளையாட்டில் என்ன வேலை?" என நண்பர் சிலர் நகைப்பர், நகைத்தபின் சிறிது செவிசாய்ப்பாராக.

1978-ஆம் ஆண்டில் ஜப்பானில் நிஷிகாடோ டொமோஹிரோ என்பார் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டை இயற்றினார். காசிட்டு ஆடும் பெட்டியுள் அமைந்த அவ்விளையாட்டிற் பகைக்கூட்டம் குறையக் குறைய, எஞ்சியவை விரைந்து பாயும். திரையில் வரைய வேண்டுவன குறைந்தமையாற் செயலியின் சுமை இறங்கி, வேகம் மிகுந்ததே காரணம். கருவியின் அக்குறையையே அவர் ஆட்டத்தின் சுவையாக்கிக் கொண்டார். பெட்டியும் ஆட்டமும் இவ்வாறு உடலும் உயிரும்போற் பிணைந்திருந்தமையின், பெட்டி பழுதுற்றால் ஆட்டமும் மாய்தல் இயல்பாயிற்று.

அச்சுடுவிளையாட்டு மரபிற் பிற்காலத்துத் தோன்றியவர் அந்நாட்டுக் கென்டா சோ. அவர் 2003-ஆம் ஆண்டில் இயற்றிய 'பார்செக் 47' கோடுகளாலும் ஒளியாலும் ஆயது. மழைத்தாரையெனப் பொழியும் குண்டுகளினூடே ஒரு சிறுகலம் நுழைந்து செல்லும். அவர் அதனை விலையின்றி வழங்கியதோடு அமையாது, அதன் மூலநிரலையும் உலகிற்கு ஈந்தார். எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். உரிமைக் குறிப்பையும் அதனோடியைந்த நிபந்தனைகளையும் நீக்கலாகாதென்பதே அவர் வேண்டியது.

ஆயின், ஈகை மட்டும் ஒரு நூலைக் காவாது. அந்நிரல் 'டி' என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியின் முதற்பதிப்பு முற்றுப்பெற்றதே 2007-ஆம் ஆண்டில். அதனைப் பேணுதலும் 2012-ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. இரண்டாம் பதிப்பில் இலக்கணம் வேறுபட்டது. முன்னர் மாற்றத்தக்கனவாய்க் கொள்ளப்பட்ட எழுத்துச்சரங்கள் மாற்றலாகாதனவாயின. விடுதியறையில் யான் அம்மூலத்தை இன்றைய கம்பைலர் என்னும் மொழிமாற்றுக் கருவியிடம் அளித்தபோது, அது பிழைகளை வரிசைபட அடுக்கி, ஏற்க மறுத்தது. ஆயிரம் ஆண்டு கடந்த செய்யுளுக்கு நேரும் இடர், இருபது ஆண்டு கடந்த நிரலுக்கே நேர்ந்தது கண்டு வியந்தேன்.

பின்னர்த் தன்னார்வலர் பெயர்த்தமைத்த படியை இயக்கினேன். கலம் உடனே எழுந்து பறந்தது. இருபடிகளையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கினேன். புதிய இலக்கணத்திற்கு இயையுமாறு சொற்களை மாற்றியிருந்தனர். குண்டுகளின் போக்கோ 'புல்லட்எம்எல்' என்னும் தனிக் குறிமொழியில், வேறு கோப்புகளில், ஆக்கியோராலேயே எழுதப்பட்டிருந்தது. அவற்றுள் ஒரு கோணத்தையேனும் ஒரு வேகத்தையேனும் அவர்கள் தீண்டவில்லை. ஆட்டம் கடினமென்று எளிதாக்கவுமில்லை. தம் பெயரை முன்னிறுத்தவுமில்லை.

ஏடு பெயர்த்தெழுதுவோன் தன் கருத்தைப் புகுத்தினால் நூல் கெடும். கண்டவாறே விடுத்தாற் பிற்காலத்தார்க்கு விளங்காது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நெறியே நல்லுரைகாரர் நெறி. அந்நெறியிற் கூலி கருதாது நடப்போர் இன்றும் உளர். தாம் விரும்பிய ஓர் ஆட்டம் மாய்ந்துவிடலாகாதென்னும் அன்பே அவரைச் செலுத்துகின்றது. நாளை ஒரு பழஞ்சுவடி என் கைக்கு வருமாயின், எதனை மாற்றலாம், எதனைத் தொடலாகாது என்பதை அப்பெயரறியாப் பெயர்ப்பாளரிடமிருந்தே யான் கற்றேனாவேன்.