குழி எண் இல்லாத பானை ஓடு

அணை கட்டினால் நிலம் மூழ்கும். மூழ்குவதற்குள் அங்கே என்ன புதைந்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை நாடு முழுக்க அணைகள் கட்டியபோது இப்படித்தான் தொல்பொருள்கள் மலையாகக் குவிந்தன. நீர்த்தேக்கப் பகுதிகளில் அகழாய்வுக்கு வழிசெய்த சட்டம் 1960-இலேயே வந்துவிட்டது. எடுத்ததை எப்படிப் பாதுகாப்பது என்ற மத்திய அரசு விதிமுறை வந்ததோ 1990-இல். எடுத்தவற்றைப் பராமரிப்பதில் உள்ள சிக்கலின் வேர் அந்த இடைவெளியில் இருக்கிறது. காகிதப் பை இற்றுப்போனால் வெவ்வேறு அகழாய்வுக் குழிகளின் பானை ஓடுகள் பெட்டியடியில் ஒன்றாகக் கலந்துவிடும். களக்குறிப்பில் குத்திய ஸ்டேப்ளர் பின் துருவேறித் தாளை அரிக்கும். ரப்பர் பேண்ட் இளகிப் புகைப்படத்தோடு ஒட்டிக்கொள்ளும். எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு என்று தெரியாத ஓட்டை வைத்து ஆய்வாளர் அதிகம் எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் பொருளுக்கு இணையாக அதன் ஆவணத்தையும் காக்க வேண்டும் என்கிறேன்.

2009-இல் இதே படை தொடங்கிய முன்னாள் படைவீரர் பயிற்சித் திட்டம் இந்த வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. இராக்கில் கூட்டுப் புதைகுழிகளை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய தொல்லியலாளர் மைக்கேல் டிரிம்பிள் இதை முன்னெடுத்தார். ஆகஸ்டா, செயின்ட் லூயிஸ், வாஷிங்டன் வட்டாரம் ஆகிய இடங்களில் ஆய்வகங்கள் அமைந்தன. பயிற்சி சம்பளத்தோடு நடக்கிறது. துருப்பிடித்த பின்னைத் தாள் கிழியாமல் உருவ வேண்டும். வரிசை கலையாமல் அமிலமற்ற உறைக்கு மாற்றி, ஸ்கேன் செய்து பட்டியலிட வேண்டும். ஓடுகளை வகை பிரித்து, எண்ணி, எடைபோட்டுச் சீட்டோடு புதுப் பையில் இட வேண்டும். தொல்லியல் படிக்காதவர்களிடம் இதை ஒப்படைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காலம் கணிப்பதும் விளக்கம் சொல்வதும் தொல்லியலாளர் பொறுப்பு. அவர் கூடவே இருந்து மேற்பார்வையிடுகிறார். பராமரிப்புக்கு வேண்டியது, விதித்த முறையிலிருந்து நழுவாமல், ஒரு பைகூடக் கணக்கில் தவறாமல் செய்து முடிக்கும் பழக்கம். படையில் இருந்தவருக்கு அது புதிதல்ல. இதை வெறும் மறுவாழ்வு உதவியாகப் பார்ப்பது அவர்கள் உழைப்பைச் சிறுமைப்படுத்துவது.

2020-இல் பெருந்தொற்றால் ஆய்வகங்கள் பூட்டப்பட்டதும் இந்தத் தொழிலின் இரு பகுதிகளும் தனித்தனியே தெரிந்தன. அரசுக்குச் சொந்தமான தொல்பொருளை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஸ்கேன் செய்த களக்குறிப்பும் புகைப்படமும் அப்படியல்ல. கணினியும் இணையமும் இருந்தால் சாப்பாட்டு மேசையிலேயே தேதியையும் குழி எண்ணையும் சரிபார்த்து அட்டவணையில் ஏற்றலாம். படையை விட்டு வந்தவருக்குத் தனிமைதானே பெருஞ்சுமை, அவரை மறுபடி வீட்டுக்குள் உட்கார வைப்பதா என்பது நியாயமான கேள்வி. பக்கத்து நாற்காலிக்காரர் தரும் தெம்பைத் திரை தராது. ஆனால் வேலையையே நிறுத்தினால் சம்பளமும் போகும், காலையில் பேசச் சகபணியாளரும் இருக்கமாட்டார். அதே சமயம், விரல் நுனியில் படியும் கைப்பழக்கத்தையும் திரை வழியே கற்றுத்தர இயலாது. ஆகவே தொற்றுக் கால ஏற்பாட்டை அப்படியே நிரந்தரமாக்கச் சொல்லமாட்டேன். எந்தத் தொகுப்பிலும் ஆவணங்களை ஸ்கேன் செய்யும் வேலையை மட்டும் முதலில் முடித்துவிட வேண்டும். அப்போது ஆய்வகம் மறுபடி பூட்டப்பட்டாலும் பயிற்சி பெறுபவர் கையில் வேலை இருக்கும். வெள்ளமோ தீயோ வந்தாலும் குழி எண்கள் தப்பிக்கும்.