மயில் மேல் அமர்ந்த பாட்டுக்காரர்

தினசரி காலண்டரில் டிசம்பர் 31-ஆம் தேதித் தாளை யாரும் கிழிப்பதில்லை. மற்றத் தாள்கள் விடிந்ததும் கிழிபட்டு, விபூதி மடிக்கவும் மளிகைக் கணக்கு எழுதவும் போய்விடும். கடைசித் தாள் மட்டும் அட்டையோடு தங்கிவிடும். மறுநாள் புதுக் காலண்டர் ஆணிக்கு வந்ததும், பழைய அட்டை அந்த ஒற்றைத் தாளோடு பரணுக்குப் போகும். அட்டையில் முருகன் இருந்தால் குப்பையில் போட எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வராது.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது அப்படிச் சேர்ந்திருந்த அட்டைகளைக் கீழே இறக்கினோம். மயில் மேல் முருகன், அவனுக்குக் கீழே டிசம்பர் 31. ஒவ்வோர் அட்டையிலும் அதே கடவுள், அதே தேதி. பார்த்ததும் எனக்கு நாடக நடிகர் விஸ்வநாததாஸ் ஞாபகம் வந்துவிட்டது.

1886-ல் சிவகாசியில் பிறந்தவர் அவர். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’ நாடகம். முருகன் வேஷத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வயது 54. வேஷத்தைக் கலைக்காமல், முருகனாகவே ஊர்வலமாக எடுத்துப் போனார்கள்.

அவர் பிறந்த காலத்துச் சிவகாசியில் தீப்பெட்டி கிடையாது, பட்டாசு கிடையாது, காலண்டரும் கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்ததே 1920-களில்தான். வெடிமருந்துச் சட்டத்தில் வழி திறந்து பட்டாசுத் தொழில் இங்கே காலூன்றத் தொடங்கியது 1940-ல், விஸ்வநாததாஸ் மறைந்த அதே வருஷம். வெளியூர்க்காரர்களுக்குச் சிவகாசி என்றால் இந்த மூன்றும்தான் தெரியும். இவை எதுவும் வருவதற்கு முன்பே இந்தக் கரிசல் ஊர் ஒரு குரலை வெளியே அனுப்பியிருக்கிறது. அந்த நினைப்பு எனக்கு எப்போதுமே பெருமையாக இருக்கும்.

விஸ்வநாததாஸ் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். சவரமும் வைத்தியமும் மங்கல இசையும் அந்தச் சமூகத்தின் கைத்தொழில்கள். கல்யாண வீட்டுக்கு இசை வேண்டும், இழவு வீட்டுக்கும் அவர்கள் வேண்டும், ஆனால் திண்ணைக்கு மேல் ஏறக் கூடாது என்று இருந்த காலம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை மேடையில் ராஜபார்ட் கட்டி, கடவுளாகவே வந்து நின்றார். அவருடைய சாதியைச் சொல்லி ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. டிக்கெட் வாங்கி வந்த ஜனங்கள் மறுக்கவில்லை. முருகனாக அவர் உள்ளே வரும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் எல்லாச் சாதியும் இருந்தது.

இதை எனக்குச் சொன்னது என் தாத்தா. சிறுவயதில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். சனிக்கிழமை கூலி வாங்கியதும் கூட்டாளிகளோடு நாடகம் பார்க்க நடந்தே போவாராம். சாத்தூரோ பக்கத்துக் கிராமமோ, எந்த ஊரில் கொட்டகை போட்டிருந்தாலும் சரி. மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதால் நடிகர்கள் எல்லாரும் உச்ச சுருதியில்தான் பாடுவார்கள். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் வேறொரு ஊர். ராத்திரி மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக்கொடுத்த பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம். மீதி எல்லாம் அந்த நேரத்துச் சாமர்த்தியம்.

தாத்தா நாடகக் கதை சொல்ல ஆரம்பித்தால், மேடையை விட்டுவிட்டு முன்வரிசை பெஞ்சிலிருந்துதான் ஆரம்பிப்பார். “ஏய்யா, நீ மேடையப் பாக்காத. முன்னால பெஞ்சியப் பாரு. அங்க போலீஸ்காரரு நோட்டும் பென்சிலுமா உக்காந்திருப்பாரு. அவரு எழுத ஆரம்பிச்சாருன்னா தாஸ் நல்ல பாட்டா பாடுதாருன்னு அர்த்தம்” என்பார். வேடன் வேஷத்தில் தாஸ் வள்ளியோடு தர்க்கம் பண்ணிக்கொண்டிருப்பார். தினைப்புனம், பரண், கவண் எல்லாம் படுதாவில் இருக்கும். திடீரென்று ஆர்மோனியக்காரர் இரண்டு கட்டையைத் தட்டுவார். அந்த இரண்டு கட்டையிலேயே கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி உட்கார வைப்பார்கள். வள்ளியைப் பார்த்து நின்ற தாஸ், மெள்ளத் திரும்பிச் சபையைப் பார்ப்பார். அப்புறம் வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடும் வெள்ளைக்கொக்குப் பாட்டு. முடிந்ததும் கொட்டகை முழுக்க ‘ஒன்ஸ் மோர்’. மறுபடி பாடுவார். மறுபடியும் கேட்பார்கள். மூன்றாவது தடவை பாடும்போது சபையே சேர்ந்து பாடும். போலீஸ்காரர் என்ன செய்வார் என்று நான் கேட்பேன். “அவரு என்ன செய்வாரு, அவருக்கும் பாட்டு மனப்பாடமாயிரும்” என்பார் தாத்தா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் சந்தோஷத்துக்காகவே அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

பாட்டை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். இதுவும் இந்தப் பக்கத்துக் கதைதான். 1892-ல் பிறந்தவர், விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் நாகலாபுரம் சொந்த ஊர். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தபோது அதற்குப் பாட்டு எழுதியவரும் அவரே. பழைய காளிதாசன் கதைக்கு நடுவில் கதர் ராட்டையைப் போற்றும் பாட்டு ஒன்றை வைத்து டி. பி. ராஜலட்சுமியைப் பாட வைத்தார்கள். கதைக்கும் ராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. எழுத்தாளர்கள் தமிழ்ச்செல்வனும் கோணங்கியும், நாடகக்காரர் முருகபூபதியும் அவருடைய பேரன்கள். பாஸ்கரதாஸ் எழுதிவந்த நாட்குறிப்புகள் புத்தகமாகவே வந்திருக்கின்றன.

கொக்குப் பாட்டை வேறு எந்த நாடகத்தில் சொருகியிருந்தாலும் அது சொருகியதாகத்தான் தெரிந்திருக்கும். ‘வள்ளி திருமண’த்தில் மட்டும் அது தன் வீட்டில் இருப்பது போல உட்கார்ந்துவிடுகிறது. வள்ளியின் வேலையே தினைப்புனத்தில் பறவை விரட்டுவது. விளைந்ததைத் தின்ன வருகிற பறவையை ஆலோலம் பாடி ஓட்டுகிற பெண் மேடையில் நிற்கிறாள். அங்கே வெளியிலிருந்து வந்த வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடினால் யார் குற்றம் சொல்வது? 1876-ஆம் வருஷத்து நாடகச் சட்டம் சர்க்கார் கையில் இருந்தது. பிடிக்காத நாடகத்தைத் தடுக்கலாம், நடிகரைப் பிடிக்கலாம். அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தினைப்புனம் தெரியாது. பறவை விரட்டுவதைத் தடை செய்ய வேண்டுமானால் முருகன் கதையையே தடை செய்ய வேண்டும். பாஸ்கரதாஸின் சாமர்த்தியத்தை நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தில்தான். பாட்டை எழுதும்போதே அது எந்த மேடையில், எந்தப் படுதாவுக்கு முன்னால் நிற்கப்போகிறது என்று பார்த்து எழுதியிருக்கிறார்.

சர்க்கார் அவரைப் பிடிக்காமலும் விடவில்லை. பஞ்சாப் படுகொலையைப் பற்றிய பாட்டுக்கெல்லாம் பறவை மறைப்புக் கிடையாது. விஸ்வநாததாஸ் 29 தடவை சிறைக்குப் போனார் என்பார்கள். மேடையில் ராஜா வேஷம் போட்டாலும் கதர்தான் உடுத்துவார். சரிகையும் பட்டும் மின்னுவதற்காகவே ஜனங்கள் நாடகம் பார்க்க வந்த காலத்தில், கதர் கட்டிய ராஜாவை ஏற்றுக்கொள்ள வைத்தது அந்தக் குரல்தான். கடன் ஏறியது. திருமங்கலத்தில் அவர் குடியிருந்த வீடு அடமானத்துக்குப் போனது. தேசப் பாட்டை நிறுத்தினால் கடனைத் தீர்த்து வைப்பதாகச் சர்க்கார் பக்கமிருந்து தூது வந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று திருமங்கலத்தில் இன்றும் சொல்வார்கள். அந்த ஊரில் இப்போது அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. பிறந்த ஊரைவிட வாழ்ந்த ஊர் அவரை நன்றாக வைத்திருக்கிறது. சிவகாசிக்காரனாக இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான்.

அமெரிக்காவிலும் நாட்டுப்புறப் பாட்டுக்காரர்களுக்குச் சாகும்வரை பாடிக்கொண்டே இருந்த இப்படியொரு வாழ்க்கை உண்டு. ரயில்வேயில் வேலை பார்த்த ஜிம்மி ரோட்ஜர்ஸ் காசநோயோடு பாடினார். 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசித் தடவையாகப் பாட்டுப் பதிவு செய்தபோது, ஸ்டூடியோவிலேயே கட்டில் போட்டு, ஒரு பாட்டுக்கும் மறு பாட்டுக்கும் நடுவில் படுத்து எழுந்து பாடினார். இரண்டொரு நாளில் போய்விட்டார். வயது 35. அதே 1933 டிசம்பரில் நம் நாடகப் பாட்டுக்காரர் செங்கோட்டை கிட்டப்பா 27 வயதில் போனார். இன்னொரு அமெரிக்கப் பாட்டுக்காரர் ஹாங்க் வில்லியம்ஸ் அடுத்த ஊர்க் கச்சேரிக்குப் போகிற வழியில், காரின் பின்சீட்டில், 1953 புத்தாண்டு நாளில் இறந்துகிடந்தார். விஸ்வநாததாஸ் சாய்ந்ததும் புத்தாண்டுக்கு முதல்நாள். பாடுகிறவர்களுக்கு மறுநாள் கச்சேரி என்றால் உடம்பைப் பற்றி நினைக்க முடிவதில்லை. முன்பணம் வாங்கியாயிற்று, நோட்டீஸ் ஒட்டியாயிற்று, கூட்டம் வந்து உட்கார்ந்தாயிற்று.

அங்கே தன் பாட்டைத் தானே எழுதித் தானே பாடுவது வழக்கம். இங்கே எழுதுகிறவர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர். இதனால் நம் பாட்டுக்காரர்கள் குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டுக்கு ஜெயிலுக்குப் போனவர் விஸ்வநாததாஸ். தன் வரிக்காக இன்னொருவர் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு அடுத்த வரியை எழுதியவர் பாஸ்கரதாஸ். இரண்டு பேரையும் சேர்த்தால்தான் அந்தப் பாட்டுக்காரர் முழுசாகிறார்.

இனி அந்தக் காலண்டர் முருகன். பரணிலிருந்து இறக்கிய அட்டைகளில் சிலவற்றின் மூலையில் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் கையெழுத்து இருந்தது. காலண்டர் ஓவியத்துக்கு வருமுன் அவர் நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர். அவர் சேர்ந்திருந்த கம்பெனி 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் கலைந்துபோக, அவர் அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசி அச்சகங்களில் அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளின் சுவரெல்லாம் ஏறின. அந்தப் படங்களை உற்றுப் பாருங்கள். முருகன் நம்மைப் பார்த்தே இருப்பான், யாரோ ‘கொஞ்சம் இப்படித் திரும்புங்க’ என்று சொன்ன மாதிரி. பின்னால் மலை, அருவி, மேகம், எல்லாம் படுதா. மயில் நடக்காது, பறக்காது. ஆள் உட்காரத் தோதாக நிற்கும். விளக்கு எதிரே இருந்து முகத்தில் விழும். நாடகக் கொட்டகையில் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத் தெரிகிற முருகன் அவன். மேடையில் மனுஷன் ஒருவன் வேஷம் கட்டி மயில் மேல் உட்காராமல் இருந்திருந்தால், நம் பூஜை அறை முருகன் இந்த மாதிரி இருந்திருக்கமாட்டான் என்றே நம்புகிறேன். கொண்டையராஜு யாரைப் பார்த்து எழுதினார் என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. ராத்திரி ராத்திரியாக ஊர் ஊராக அந்த மயிலில் ஏறி இறங்கிய அத்தனை ராஜபார்ட்டுகளும் அந்தப் படத்தில் இருக்கிறார்கள். அவர்களில் தலைமகன் எங்கள் ஊர்க்காரர்.

இன்றும் பங்குனி, சித்திரையில் இந்தக் கரிசல் கிராமங்களில் ‘வள்ளி திருமணம்’ நடக்கிறது. சென்ற கோயில் கொடைக்கு விருதுநகருக்குத் தெற்கே ஒரு ஊரில் பார்த்தேன். பபூன் சினிமாப் பாட்டுக்கு ஆடி முடித்து, நாரதர் வந்து போய், முருகன் உள்ளே வரும்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. ராஜபார்ட்டுக்கு வயது முப்பதுக்குள்தான். நல்ல கனத்த சாரீரம். விடிந்து அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தவரிடம், கொக்குப் பாட்டு ஏன் பாடவில்லை தம்பி என்று கேட்டேன்.

“யாரும் கேக்கிறதில்ல சார். எனக்குப் பாடம் இருக்கு. ஆனா ஆர்மோனியக்காரருக்குத் தெரியணும்ல. எங்க பக்கம் பெரியவர் ஒருத்தரு இருக்காரு, அவரு வாசிச்சா பாடிருவேன்” என்றார், தேங்காய் எண்ணெயைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டே.

எங்கள் தெருக் கோயில் கமிட்டியில் பேசியிருக்கிறேன். அடுத்த வருஷம் ஆர்கெஸ்ட்ரா வேண்டாம், நாடகம் வைப்போம் என்று பாதிப் பேர் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். மீதிப் பேருக்குச் செலவுக் கணக்கு இடிக்கிறது. ஆர்மோனியத்துக்கு அந்தப் பெரியவரைத்தான் கூப்பிட வேண்டும், அவருடைய சம்பளத்தை நான் தந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.