அகரவரிசை அறியாத கருவி

எங்கள் துறை மாணவர்கள் தொகுத்துவரும் சொல்லடைவைக் கணிப்பொறியில் ஏற்றும் பணிக்கென, கணினித்துறை நண்பர் ஒருவர் எனக்கு அறிமுகப்படுத்திய கருவி ஜேசானெட். ஜேசன் என்னும் தரவு வடிவத்தை ஆக்கித் தருவதற்காக அமைந்த வார்ப்புரு மொழி இது. கூகுள் நிறுவனத்தில் டேவ் கன்னிங்ஹாம் என்பார் உருவாக்க, 2014ஆம் ஆண்டு பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்பெற்றது. படமோ பொத்தானோ இதற்கில்லை. கறுப்புத் திரையில் கட்டளையையும் கோப்பின் பெயரையும் தட்டச்சு செய்தால், அக்கோப்பைப் படித்து விடையை அடுத்த வரியிலேயே எழுதிவிடும்.

நூற்பெயர், பதிப்பாண்டு முதலான பொதுச் செய்திகளை ஒருமுறை எழுதினால் போதும். ஒவ்வொரு பதிவும் கூட்டற்குறியால் அவற்றைப் பெற்றுக்கொண்டு, தனக்கு வேறானதை மட்டும் மாற்றிக்கொள்ளும். பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் என்று இலக்கண வகுப்பில் சொல்லிப் பழகியவனுக்கு இதில் புதுமை ஏதும் தோன்றவில்லை.

கோப்பு இல்லாமலே ஒரு வரியைக் கேட்டறியவும் வழியுண்டு. கட்டளையை அடுத்துச் சிறு கோடும் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தும் இடவேண்டும். 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தை அவ்வாறு கேட்டேன். 5 என்றது! மூன்றெழுத்து என்பதைத் தொடக்கப்பள்ளிக் குழந்தையும் அறியும். இகரக் குறியையும் புள்ளியையும் யூனிகோடு தனித்தனிக் குறியீடுகளாக வைத்திருப்பதால் விளைந்த கணக்கு இது.

எண்ணிக்கை போகட்டும், சொல்லடைவுக்கு வரிசையன்றோ உயிர்? தலைச்சொற்களைப் புலப்பெயர்களாக அமைத்தால், இக்கருவி அவற்றைக் குறியீட்டெண் வரிசையிலேயே வெளியிடுகிறது. 'மனம்' முன்னும் 'மரம்' பின்னும் வருகின்றன. 'அமைதி' வந்தபிறகே 'அம்மா' வருகிறாள். இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்த இஸ்கி முறையைத் தழுவி யூனிகோடு அமைந்ததால், னகரம் நகரத்தின் அருகிலும் றகரம் ரகரத்தின் அருகிலும் இடம்பெற்றன. இதனைச் சிறு குறையென ஒதுக்குதல் இயலாது. தேடிய இடத்தில் ஒரு சொல் இல்லையெனில், அப்புலவர் அச்சொல்லை ஆளவே இல்லை என்று ஆய்வாளர் முடிவு கட்டிவிடுவார்.

புலப்பெயர்களின் வரிசையை மாற்ற இக்கருவி இடந்தருவதில்லை. ஆயினும் பட்டியலாக எழுதப்பட்டவற்றை நாம் வகுக்கும் முறைப்படி அடுக்கித் தருகிறது. எனவே 247 எழுத்துகளுக்கும் மரபுப்படி எண் கொடுத்து, உயிர்மெய்யை ஓரெழுத்தாகவே கொள்ளுமாறு ஒரு சார்பு எழுதினோம். மெய் முன்னும் அகரமேறிய மெய் அதன் பின்னும் நின்றன. 'அம்மா' தன் இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அரபுச் சொற்கள் பயிலும் இசுலாமியத் தமிழ் நூல்களையும் சேர்த்தபோது ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை குறுக்கிட்டன. இவை 247இல் அடங்கா, விலக்கவும் இயலா. னகரத்துக்குப் பின் இடமளித்தோம். எஞ்சியிருப்பது 'ஃபர்ளு' போன்ற சொற்கள். ஆய்தத்தின்கீழ் வைக்கவேண்டும் என்பது என் கருத்து. பகரத்தின்கீழ்தான் மாணவர் தேடுவர் என்கிறார் எங்கள் மூத்த பேராசிரியர். இரு வரிசைகளிலும் ஒவ்வொரு படி எடுத்து மாணவர் கையில் கொடுத்திருக்கிறோம்.