கடற்கரையில் கற்ற பாடம்

எங்கள் ஊர் அரிமளம். கண்மாயும் ஊருணியும் தைலமரக் காடும் பார்த்து வளர்ந்த கண்கள் எங்களுடையவை. நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எனக் கடலோர ஊர்கள் உண்டு. ஆயினும் ஒன்பதாம் வகுப்பு முடிக்கும்வரை நான் கடலையே கண்டதில்லை என்றால் நம்புவீர்களா? 2025ஆம் ஆண்டு மே விடுமுறையில் அந்தக் குறை தீர்ந்தது. அப்பா, அம்மா, அப்பத்தா, ஏழு வயதுத் தம்பி, நான் ஆகிய ஐவரும் இராமேசுவரம் சென்று வந்தோம். இரண்டே நாள் பயணம்தான். அதில் நான் கற்ற பாடத்தைத் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு அப்பத்தா எங்களை உட்கார வைத்துச் சட்டம் பேசினார். அவருடைய தந்தை கொழும்பில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1914 முதல் 1964 வரை தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில் ஏறிக் கொழும்பு சேரலாம். அவ்வழியே பலமுறை போய் வந்த அந்தப் பெரியவர் தம் பிள்ளைகளுக்கு நான்கு விதிகள் சொல்லி வைத்திருந்தாராம். பணத்தை ஒரே இடத்தில் வைக்காதே. ஊரும் பேரும் எழுதிய சீட்டு உன் மடியில் இருக்கட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் தலையை எண்ணு. தெரியாத இடத்தில் தெரிந்தவரைக் கேட்டுக் காலை வை.

எனக்குச் சிரிப்பு வந்தது. "கைபேசி இருக்கும்போது சீட்டு எதற்கு அப்பத்தா?" என்றேன்.

"கைபேசியே தொலைஞ்சு போனா அது யாரைக் கூப்பிடும்?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு தம்பியின் சட்டைப் பையில் சீட்டு எழுதி வைத்தேன். தலை எண்ணும் பொறுப்பும், தம்பியைக் கவனிக்கும் பொறுப்பும் என்னுடையவை ஆயின.

விடியற்காலைப் பேருந்தில் புதுக்கோட்டை சென்று, அங்கிருந்து ரயில் ஏறினோம். மண்டபம் தாண்டியதும் பெட்டி முழுவதும் சன்னல் பக்கம் திரண்டது. பாம்பன் பாலம்! 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட இரு கைகளைப் போல் விரியுமாம். 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழுகிறது. பக்கத்திலேயே 1988இல் திறந்த சாலைப் பாலம். அது வருமுன் ரயிலை விட்டால் இத்தீவுக்குத் தரைவழியே கிடையாது. கீழே விசைப்படகுகள் வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் என்று அப்பா விளக்கினார்.

நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அப்பா பதறவில்லை. தங்கும் விடுதியில் முன்னரே தொலைபேசியில் பேசி, நியாயமான வாடகை எவ்வளவு என்று கேட்டு வைத்திருந்தார். ஏறுமுன் தொகையைப் பேசி முடித்தார். இறங்கும்போது தகராறு இல்லை. கோவிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களின் அருகே தரை எப்போதும் ஈரமாக இருக்கும். அங்கே அப்பத்தா சுவரைப் பிடித்தபடி நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நான் தலை எண்ணினேன். ஐந்து, ஐந்து, ஐந்து! எனக்கே என்மேல் பெருமை பொங்கியது. அந்தப் பெருமைதான் மறுநாள் என்னைச் சறுக்க வைத்தது.

மறுநாள் வெயிலுக்கு முந்தி, தண்ணீர்ப் புட்டிகளுடன் நகரப் பேருந்தில் தனுஷ்கோடி புறப்பட்டோம். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. அதற்கு முன் மணலில் வேன்களில் குலுங்கிக்கொண்டே போக வேண்டுமாம். வழியில் இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் நின்றன. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயலும் கடலும் சேர்ந்து இவ்வூரை அழித்தன. பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. அப்பத்தா பேசாமல் கைகூப்பினார்.

சாலையின் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. அமைதியானதைப் பெண் கடல் என்றும், ஆர்ப்பரிப்பதை ஆண் கடல் என்றும் அங்குள்ளோர் அழைக்கிறார்கள். முனையில் குளிக்கக் கூடாது என்ற எச்சரிக்கைப் பலகை இருந்தது. நானும் படித்தேன். 'நாம் குளிக்கவில்லையே, காலைத்தானே நனைக்கிறோம்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெரியவர்கள் சங்கு மாலைக் கடையில் நின்ற நேரம், தம்பியின் கையைப் பிடித்து இறங்கினேன். எங்கும் அலை வெள்ளையாக உடைந்து சீறியது. ஓரிடத்தில் மட்டும் அலையே இல்லை; கருநீலமாக, நம் ஊருணி போல் அமைதியாக இருந்தது. 'இதுதான் பத்திரமான இடம்' என்று அங்கே சென்றேன்.

முழங்கால் அளவு நீர்தான். திடீரெனக் காலடி மணல் கரைந்தது. தம்பி விழுந்தான். நீர் எங்களைக் கடலை நோக்கி இழுத்தது. அவன் கை என் பிடியிலிருந்து நழுவியதை இப்போது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது. "ஏ பாப்பா!" என்ற கூச்சலோடு, சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் ஓடி வந்தார். தம்பியை ஒரு கையாலும் என்னை மறு கையாலும் பற்றிக் கரையில் சேர்த்தார். "அலை இல்லாத எடந்தான் தாயி இழுக்கும். எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். நான்காவது விதி என் நெஞ்சில் சாட்டையாய் விழுந்தது.

பள்ளி திறந்ததும் அறிவியல் ஆசிரியையிடம் காரணம் கேட்டேன். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர், மணல் திட்டின் இடையே ஒரு குறுகிய கால்வாய் வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. அங்கே ஆழம் அதிகம்; ஆகவே அலை உடைவதில்லை; பார்வைக்கு அமைதி. அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடக் கூடாது. மிதந்தபடி கையை உயர்த்திக் கூவ வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். கரையில் நிற்பவர் தாமும் குதிக்காமல், கயிறோ மிதக்கும் காலிக் குடமோ வீசி, 112ஐ அழைக்க வேண்டும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர். கடல் சீற்றம் குறித்து முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. படித்தவர், படிக்காதவர் என்று கடல் பார்ப்பதில்லை.

அன்று நடந்ததை உடனே வீட்டாரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. தம்பியும் பயந்து வாயைத் திறக்கவில்லை. இரவு ரயிலில் தலை எண்ணும் முறை வந்தது. ஐந்து என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தம்பியை இறுக அணைத்துக்கொண்டார். அப்பா நெடுநேரம் பேசவில்லை. அப்பத்தா மட்டும் என் தலையைத் தடவி, "எண்ணுறது மட்டும் போதாதும்மா. எண்ணுற ஆளுக்கும் கண்ணு வேணும்" என்றார்.

தோழியரே, பயணம் போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. போங்கள், கடலைக் காணுங்கள். ஆனால் பலகை சொல்வதற்குச் சாக்கு தேடாதீர்கள். அந்த மண்ணில் வாழ்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. பெயர்கூடக் கேட்டறியாத அந்த மீனவருக்கு என் நன்றியை இப்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். அவர் இதைப் படிக்கப் போவதில்லை. படிக்கும் நீங்களாவது அவர் சொல்லைக் கேளுங்கள்.