பின் இருக்கை இல்லாத கார்

பிரெஞ்சு மீடியத்தில் படித்ததால், வேலைக்குப் போன பிறகும் பிரெஞ்சுப் பத்திரிகைகளைப் புரட்டும் பழக்கம் எனக்கு விடவில்லை. 1981-இல் அப்படித்தான் ரெனோ 5 டர்போவின் படத்தைப் பார்த்தேன்.

ரெனோ 5 என்பது 1972-இல் வந்த சின்னக் குடும்பக் கார். எஞ்சின் முன்னால், முன் சக்கரங்கள்தான் இழுக்கும். ராலிப் பந்தயத்துக்காக அதை அப்படியே மாற்றிவிட்டார்கள். பின் இருக்கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1,397 சி.சி. எஞ்சினை டர்போவோடு வைத்தார்கள். ஓட்டம் பின் சக்கரங்களுக்குப் போயிற்று. உடம்பும் பின்பக்கம் அகலமாயிற்று. 160 குதிரைத்திறன்! அந்த ஜனவரியில் ழான் ராஞோத்தி அதை ஓட்டி மோந்தே கார்லோ ராலியில் முதலாவதாக வந்தார்.

படத்தை வீட்டில் காட்டினேன். "பிள்ளைங்களை எங்கங்க உட்கார வைக்கிறது?" என்றாள் என் மனைவி. சிரித்துவிட்டேன்.

சில வருடம் கழித்து, பதவி உயர்வோடு ஏனாமுக்கு மாற்றல் வந்தது. அம்மா படுத்த படுக்கை. நான் மட்டும்தான் போக முடியும். அவள் கேட்ட அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலே போனார்கள். வருத்தமே இல்லை என்றால் பொய். ஆனால் அம்மாவின் கடைசி இரண்டு வருடமும் நான் வீட்டில்தான் இருந்தேன்.